கங்கையில் படகேறும் முன்

கேள்வி: வரும் ஏப்ரலில் எங்கள் குடும்பத்தார் பதினொரு பேர் ரிஷிகேஷ் செல்கிறோம். கங்கையில் ராஃப்டிங் போயே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருக்கிறார்கள். 9 வயது மகனும், முதுகுவலியால் அவதிப்படும் மாமியாரும் உடன் வருகிறார்கள். பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. போகலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: போகலாம், ஆனால் பதினொரு பேரும் அல்ல. அங்கே 14 வயதுக்குக் குறைந்தவர்களைப் படகில் ஏற்றக்கூடாது என்பது விதி. 'பையன் உயரமாகத்தானே இருக்கிறான், பதினான்கு என்று சொல்லிக்கொள்ளலாம்' என்று முகவர் யோசனை சொன்னால், முகவரை மாற்றிவிடுங்கள். பெரியவர்களின் அளவுக்குத் தைத்த உயிர்காப்பு உடை, சிறு உடம்பு தண்ணீரில் விழுந்ததும் தலைவழியாகக் கழன்றுவிடக்கூடும். படகு அலையில் ஏறி 'தொப்'பென்று இறங்கும்போது அதிர்ச்சியை முதுகெலும்புதான் வாங்கும் என்பதால், மாமியாரும் பேரனோடு காரில் இறங்குதுறைக்கு வந்து காத்திருக்கட்டும்.

எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதே நீங்கள் எடுக்கவேண்டிய பெரிய முடிவு. ரிஷிகேஷ் வரை, பிரம்மபுரியிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர், சிவபுரியிலிருந்து 16, மரைன் டிரைவிலிருந்து 25 (பெயரைக் கேட்டுக் கடலைத் தேட வேண்டாம், அது ஆற்றங்கரைதான்), கௌடியாலாவிலிருந்து 35 என்று தொலைவு கூடக்கூட நீரின் வேகமும் மூர்க்கமாகிறது. நீர்ச்சுழிப்புகளை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள்; எண் கூடக்கூடக் கடினம். 'தி வால்' (சுவர்) என்று பெயர்பெற்ற நான்காம் தரச் சுழிப்பு மேல்பகுதியில் இருக்கிறது, அது உங்களுக்கு வேண்டாம். சிவபுரிப் பாதையில் வரும் 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' இரண்டுமே முதல்முறை செல்பவர்களை முழுக்க நனைத்துத் திக்குமுக்காட வைக்கப் போதுமானவை. அதற்கும் தயங்குபவர்கள் இருந்தால் பிரம்மபுரியே சரி.

ஒகேனக்கல் பரிசலில் ஓட்டுநர் துடுப்பு போட, நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வரலாம். இங்கே வழிகாட்டி பின்னால் அமர்ந்து 'ஃபார்வர்ட்', 'பேக்', 'ஸ்டாப்' என்று குரல் கொடுக்க, படகை நகர்த்துவது உங்கள் கைகள்தான். ஒன்பது பேர் என்றால் இரண்டு படகுகள் எடுத்து, வலுவுள்ள இளைஞர்களை இரண்டிலும் பிரித்து உட்கார வையுங்கள். எல்லோரும் ஒரே படகில் கும்மாளமிட விரும்புவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். துடுப்பின் உச்சியில் இருக்கும் குறுக்குப்பிடியை உள்ளங்கை மூடியே இருக்க வேண்டும். கை நழுவினால் பக்கத்திலிருப்பவரின் பல்லைப் பதம் பார்ப்பது அதுதான்.

நீச்சல் தெரியாதது தடையல்ல. உடையின் எல்லாப் பக்கிள்களையும் போட்டு, அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கும்படி ஒருவரிடம் சொல்லுங்கள். அது காதுவரை ஏறிவந்தால் தளர்வாக இருக்கிறது என்று பொருள். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, பாதங்களை உயர்த்தியே மிதக்க வேண்டும். பயத்தில் எழுந்து நிற்க முயல்வதுதான் ஆபத்து: பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் நீரின் விசை ஆளைக் குப்புறக் கவிழ்த்து அமுக்கிவிடும். கவிழ்ந்தவர்களைக் கரைசேர்க்க உடன் ஒரு கயாக் (துடுப்பால் செலுத்தும் குறுகிய சிறு படகு) வருமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். ஏப்ரல் வெயிலை நம்பி ஏமாற வேண்டாம். அது பனி உருகி வரும் தண்ணீர். சேலை, வேட்டி, பருத்தி ஜீன்ஸ் மூன்றும் அறையிலேயே இருக்கட்டும். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டுங்கள்.

கேள்வி: அலுவலக நண்பர்கள் இருபது பேருக்கு ஆகஸ்டில்தான் விடுப்பு கிடைக்கும். அப்போதும் ரிஷிகேஷ் செல்லலாமா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: ஊருக்குச் செல்லலாம், படகில் ஏற முடியாது. மழைவெள்ளம் காரணமாக ஜூலை, ஆகஸ்டில் ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள். உங்கள் மாதத்துக்குப் பொருந்துவது குடகின் பாராபோளே ஆறு. அது மழையை நம்பி ஓடுவதால் பருவமழைக் காலத்தில்தான் அங்கே படகே இறங்கும். கனமழை நாளில் வழிகாட்டி 'இன்று முடியாது' என்று சொல்லக்கூடும் என்பதால், கையில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.