பழ ஈக்கு உடற்பயிற்சி கொடுத்து கீமோ பக்கவிளைவைப் படிக்க முடியுமா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது: ஈயை எப்படி உடற்பயிற்சி செய்ய வைக்கிறார்கள்? அதை நம்பி கீமோ எடுப்பவர் நடைப்பயிற்சி போகலாமா?

முதுகலை விலங்கியலில் டிரோசோஃபிலா, அதாவது பழ ஈ, வளர்த்தவன் என்பதால் முதல் கேள்வி எனக்குப் பிடித்தது. ஈ இருக்கும் குப்பியை மேஜையில் லேசாகத் தட்டினால் எல்லாம் பொலபொலவென்று அடியில் விழும். அடுத்த நொடியே கண்ணாடியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கும். யாரும் பழக்க வேண்டாம், பிறவிக் குணம். அமெரிக்காவில் ராபர்ட் வெசல்ஸ் குழுவினர் 2009இல் இதற்கென்றே 'பவர் டவர்' என்ற இயந்திரம் செய்தார்கள். 15 நொடிக்கு ஒருமுறை குப்பிகளைத் தூக்கிக் கீழே போடும். ஈக்கள் விழுந்து விழுந்து ஏறும். மூன்று வாரப் பயிற்சி.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் ஒப்பீட்டு ஏற்பாடு. பயிற்சி இல்லாத ஈக்களும் அதே இயந்திரத்தில்தான் இருக்கும். ஆனால் குப்பியில் பஞ்சு அடைப்பை ஆழமாக இறக்கி வைத்திருப்பார்கள், ஏற இடமே இருக்காது. அதிர்ச்சி இருவருக்கும் ஒன்றுதான், ஏறும் உழைப்பு மட்டும் ஒரு பக்கம்.

இந்தப் பயிற்சியில் ஆண் ஈக்களுக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது, பெண் ஈக்களுக்குக் கூடவில்லை. காரணம் ஆக்டோபமைன். உடம்பை உசுப்பிவிடும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் நமக்கு எப்படியோ, பூச்சிகளுக்கு அது. அதைச் சுரக்கும் நரம்பணுக்களை இடைவெளி விட்டு விட்டுத் தூண்டியபோது பெண் ஈக்களுக்கும், சும்மா உட்கார்ந்திருந்த ஈக்களுக்கும் பயிற்சியின் பலன் கிடைத்தது என்று 2017இல் அதே குழு காட்டியது. எழுந்து நடக்கவே தெம்பில்லாத நோயாளியை நினைத்துப் பாருங்கள், இதன் அருமை புரியும்.

சரி, கீமோ. டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து இதயத் தசையையும் பாதிக்கும். அதனால்தான் ஒருவருக்கு மொத்தம் எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். ஈயின் இதயம் முதுகோரம் ஓடும் ஒரு குழாய்தான் என்றாலும், அதை உருவாக்கும் மரபணுவின் உறவுக்கார மரபணு நம்மிடமும் உண்டு. மருந்தை ஈயின் உணவில் கலந்துவிடலாம். டிரெட்மில்லில் ஓடிய எலிகளின் இதயத்தை இம்மருந்து குறைவாகவே பாதித்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருப்பதால், எந்த மரபணு வழியாக என்று தேட ஈ வசதி.

ஆனால் அந்த ஈக்குப் புற்றுநோய் கிடையாது. பயிற்சி உடம்பைக் காக்கும்போது கட்டியையும் சேர்த்துக் காத்துவிடுமா என்ற கேள்விக்கு ஈயிடம் பதில் இல்லை. அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு மனித ஆய்வைத்தான் பார்க்க வேண்டும். 2025இல் வெளியான 'சேலஞ்ச்' ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்த 889 பேரில் ஒரு பாதியினர் மூன்று ஆண்டுகள் வழிகாட்டுதலோடு உடற்பயிற்சி செய்தார்கள். எட்டு ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் அந்தப் பாதியில் 90.3%, மற்றதில் 83.2%.

நடக்கலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு. ரத்தச்சோகை, தட்டணுக் குறைவு, எலும்புக்குப் பரவிய நோய் இருந்தால் அவர் அளவு சொல்வார். வெள்ளையணு குறைந்திருக்கும் நாட்களில் கூட்டமான ஜிம் வேண்டாம், மொட்டைமாடியே போதும்.