மேடா, பள்ளமா? பழைய ஆஸ்திரேலிய நாணயங்கள்: கேள்வி-பதில்

1920 பென்னியில் கீழ்ச் சுருளுக்கு (நடுவில் 'ஒன் பென்னி' என்ற எழுத்துக்குக் கீழே உள்ள அலங்காரக் கோட்டுக்கு) மேலே ஒரு புள்ளி தெரிகிறது. அபூர்வமா?

அந்த இடத்தில் புள்ளி இருந்தால் சிட்னியில் அடித்தது, கீழ்ச் சுருளுக்குக் கீழே இருந்தால் மெல்போர்ன். தேய்ந்த நிலையில் இரண்டுமே சாதாரணமாகக் கிடைப்பவைதான். மேல் சுருளுக்கு மேலும் இன்னொரு புள்ளி சேர்ந்து இரட்டைப் புள்ளியாக இருந்தால் கதை வேறு. முதலில் அது புள்ளிதானா என்று பாருங்கள். அச்சில், அதாவது நாணயத்தை அடிக்கும் உலோக முத்திரையில், குழியாக இருப்பதுதான் நாணயத்தில் மேடாக வரும். உங்கள் புள்ளி பள்ளமாக இருந்தால் அது யாரோ குத்திய குத்து. பச்சையாக இருந்தால் களிம்பு.

தாத்தாவின் பெட்டியில் 1930 பென்னி கிடைத்தது. படம் இணைத்துள்ளேன். எவ்வளவு போகும்?

படத்தில் உங்கள் கட்டைவிரல் நன்றாக விழுந்திருக்கிறது, நாணயம் விழவில்லை. தலைப்பக்கம் இல்லவே இல்லை. எத்தனை முறைதான் எழுதுவது: இரண்டு பக்கமும், சாய்வான வெளிச்சத்தில், தனித்தனிப் படம்.

1930இல் மெல்போர்னில் அடித்தது சுமார் 1,500தான் என்று மதிப்பிடுகிறார்கள். ஆகவே பெட்டியில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஆண்டைத் திருத்தியவை. 1936இன் கடைசி 6ஐச் சுரண்டி 0 ஆக்குவது பழைய வித்தை. சுரண்டிய இலக்கத்தைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பு வழவழப்பாகவோ நிறம் மாறியோ இருக்கும். எடை 9.45 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். வார்ப்பு நகலானால் விளிம்பில் ஓர் ஒட்டுக்கோடு தெரியலாம். அப்புறம் தலைப்பக்கம். அசல் 1930களில் மிகப் பெரும்பாலானவை 'இந்திய அச்சு' தலைப்பக்கம் கொண்டவை. எழுத்துகளின் அடி லேசாக வளைந்திருக்கும். லண்டன் அச்சில் அடி தட்டையாக இருக்கும். உங்களுடையதில் அடி தட்டையாக இருந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். தயவுசெய்து கழுவாதீர்கள்.

ஸ்லாபில், அதாவது சீல் வைத்த பிளாஸ்டிக் உறையில், கிரேடு செய்த நாணயம் வாங்கினால் அச்சு வேறுபாடு பற்றிக் கவலை இல்லைதானே? 1933/2 (அச்சில் பழைய 2இன் மேல் 3 பொறித்தது) என்று லேபிளிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல்தான். கிரேடு என்பது தேய்மானத்துக்கும் தோற்றத்துக்கும் போடும் மார்க். கிரேடு போடும் நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டுமே அசலா போலியா என்று பார்த்துவிட்டுத்தான் எழுபதுக்கு இத்தனை என்று எண் போடுகின்றன. அச்சு வேறுபாட்டை லேபிளில் குறிக்க வேண்டுமானால் பெரும்பாலும் அனுப்புபவர் கேட்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். கேட்காவிட்டால் வெறும் ஆண்டு மட்டும் வரலாம். வெறும் '1931' என்று எழுதிய ஸ்லாபுக்குள் கடைசி 1 கீழே இறங்கிய அச்சு வேறுபாட்டு நாணயம் உட்கார்ந்திருக்கலாம். விற்பவருக்கே தெரியாது. தேடுகிறவனுக்கு லாபம் அங்கேதான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பல வருடங்களுக்கு முன் நானே '1933/2' என்ற லேபிளை நம்பி ஒரு ஏலத்தில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் வெறும் 1933. கடைசி 3இன் கீழே பழைய 2இன் மிச்சம் மருந்துக்குக்கூட இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், லேபிளில் இருப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கை விரித்தார்கள். அந்தப் பென்னி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, மற்றவர்களுக்குக் காட்ட.

ஸ்லாபையே போலியாகச் செய்கிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. எண் அசலாக இருக்கும், வேறொரு நாணயத்துடையதாக இருக்கும். அங்கே படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். ஸ்லாபுக்குள் இருப்பதை எடை போடவும் முடியாது, விளிம்பைச் சரியாகப் பார்க்கவும் முடியாது. வாங்குவது நாணயத்தை, பிளாஸ்டிக்கை அல்ல.

1922 மூன்று பென்ஸில் கடைசி 2க்குள் ஒரு கோடு. 1922/1ஆ?

மேடா, பள்ளமா? அதைச் சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது? அசலில் பழைய 1இன் தண்டு 2க்குள் மேடாக, நேராக நிற்கும். பள்ளமென்றால் கீறல். மேடுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் அசல் ஒன்றின் நல்ல படத்தோடு வைத்துப் பாருங்கள்.

1916 கல்கத்தா அரைப்பென்னியில் 'மியூல்' (ஜோடி சேராத இரண்டு அச்சுகளால் அடித்தது) என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

லென்ஸே வேண்டாம். ஆஸ்திரேலியத் தலைப்பக்கத்தில் லத்தீன் வாசகம் இருக்கும். மியூலில் இந்தியக் காலணாவின் தலைப்பக்க அச்சைத் தவறாகப் பொருத்திவிட்டார்கள், அதனால் 'கிங் எம்பெரர்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டு காசும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே நாணயச்சாலை, அதனால் வந்த கோளாறு. தெரிந்தவை பத்துக்குள்தான்.

என் 1951 பென்னியில் எழுத்துகள் இரட்டையாகத் தெரிகின்றன.

இரண்டாவது கோடு தட்டையாக, படிக்கட்டு போல இருந்தால் அடிக்கும்போது அச்சு ஆடியது. அது அச்சு வேறுபாடு அல்ல, முக விலைக்கு மேல் தராதீர்கள்.

1852 அடிலெய்டு பவுண்டு (தங்கக் காசு) முதல் வகையின் அடையாளம் என்ன?

எடையைக் குறிக்கும் எழுத்துகள் அருகே அச்சு விரிசல், மேடான கோடாக. அந்த அச்சில் அடித்தது ஐம்பதுக்குள்தான் என்பார்கள். பிறகு அச்சை மாற்றி, இரண்டாம் வகையில் சுமார் 25,000 அடித்தார்கள். விரிசல் பள்ளமாக இருந்தால் மறுபடி எழுதாதீர்கள்.

1942 பம்பாய் பென்னியில் மன்னரின் தலைக்குக் கீழே 'ஐ' எழுத்து இல்லை. போலியா?

இல்லை. பம்பாயின் குறியான 'ஐ' (I) இல்லாமலும் அடித்தார்கள். 'பென்னி' என்ற சொல்லுக்கு இரு பக்கமும் புள்ளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பம்பாய்தான்.