சிறையில் மருத்துவர் இருந்தும் மனநலம் பாதித்த கைதிகளுக்கு உதவுவது ஏன் சிரமமாக இருக்கிறது?

சட்ட உதவித் தன்னார்வலராகத் தமிழ்நாட்டுச் சிறை ஒன்றுக்குப் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆள் பற்றாக்குறை உண்மைதான். 500 கைதிகளுக்கு ஓர் உளவியலாளர் இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேடு. 2025 இந்திய நீதி அறிக்கைப்படி நாடு முழுக்க சுமார் 5.7 லட்சம் கைதிகளுக்கு இருந்தது வெறும் 25 பேர். ஆனால் நான் பார்த்தவரை, மருத்துவர் இருக்கும் இடத்திலும் காரியம் கெடுவது எஸ்கார்ட் எனும் போலீஸ் துணை கிடைக்காததாலும், ஜாமீன்தாரர் கிடைக்காததாலும்தான்.

கைதியை வெளி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆயுதப்படை போலீஸ் வரவேண்டும். ஊரில் தேர்த் திருவிழா, மந்திரி வருகை என்றால் எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள். அன்றைய அப்பாயின்ட்மென்ட் போச்சு. லித்தியம் என்ற மனநோய் மருந்தைச் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்த்தாக வேண்டும், கூடினால் விஷம். அந்த ரத்தப் பரிசோதனையை வெளியே எடுக்க வேண்டியிருந்தால் அதுவும் எஸ்கார்ட்டை நம்பித்தான்.

உள்ளே மாத்திரை கொடுப்பதே தனி வேலை. விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். மனநோய் மருந்தால் வரும் கைநடுக்கத்துக்குத் தரும் மாத்திரையில் போதை உண்டு, பீடிக்குக் கைமாறும். அதனால் "தூக்கம் வரல சார்" என்று நிஜமாகவே கேட்பவனையும் வார்டர் ஒரு மாதிரிதான் பார்ப்பார். கத்துகிறவன், சுவரில் முட்டிக்கொள்கிறவன் எப்படியும் மருத்துவர் கண்ணில் பட்டுவிடுவான். சோற்றைத் தொடாமல், பார்க்க வீட்டு ஆள் வந்தாலும் எழுந்திருக்காமல் மூலையில் கிடப்பவனை "அமைதியான ஆளு, தொந்தரவே இல்ல" என்பார்கள். எனக்கு அந்த மாதிரி ஆட்களை நினைத்துத்தான் பயம்.

சரி, ஜாமீன்? விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் ஆள் இல்லை என்றால் வழக்கைத் தள்ளிவைத்து ஜாமீனில் விடச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போட ஒருவர் வேண்டுமே. கூடப்பிறந்த அண்ணனே போனை எடுக்கமாட்டார். அப்புறம் வாய்தா மேல் வாய்தா. அசாமில் மச்சல் லாலுங் என்பவரை 1951இல் பிடித்தார்கள். 1967இலேயே தேஜ்பூர் மனநல மருத்துவமனை 'குணமாகிவிட்டார்' என்று எழுதியும், வழக்கே நடக்காமல் 2005இல்தான் விட்டார்கள், ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில். 54 வருஷம்!

வெளியே வரும் நாளிலும் சிக்கல் உண்டு. ஜாமீன் உத்தரவு பெரும்பாலும் சாயங்காலம்தான் சிறைக்கு வந்து சேரும். மருந்துச் சீட்டு உள்ளேயே கிடக்கும், ஆள் இருட்டில் பஸ் ஸ்டாண்டில் நிற்பார். மாதம் ஒருமுறை போட்டால் போதும் என்கிற ஊசிகள் இருக்கின்றன. அன்றைக்கே ஜாமீன் கிடைத்துவிடலாம் என்று வாய்தா தேதியை விசாரித்து முன்கூட்டியே அதைப் போட்டுவிடும் மருத்துவரைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

உங்களுக்கு வேண்டியவர் யாராவது உள்ளே இருந்தால், பழைய மருந்துச் சீட்டின் நகலைச் சிறைக் கண்காணிப்பாளரிடமும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் மனுவோடு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு, அதற்கு வருமான வரம்பு கிடையாது.