நடுச்சட்டத்தில் விசை பூஜ்யமா?

கேள்வி: 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள முக்கோண டிரஸ் (சட்டங்களை மூட்டுகளில் இணைத்துக் கட்டிய, பளு தாங்கும் அமைப்பு). உச்சியில் 12 கிலோ நியூட்டன் பளு. உச்சியிலிருந்து அடிச்சட்டத்தின் நடுவுக்குச் செங்குத்தாக ஒரு சட்டம் இறங்குகிறது. கணக்குப் போட்டால் சாய்வுச் சட்டங்களுக்கு மைனஸில் விடை வருகிறது, நடுச்சட்டத்துக்குப் பூஜ்யம். எங்கே தப்பு?
– டிப்ளமோ மாணவி

பதில்: தப்பே இல்லை, இரண்டும் சரியான விடைகள். ஏன் அப்படி வருகின்றன என்று பார்த்துவிடுவோம்.

இடது தாங்கி ஏ, வலது பி, உச்சி சி, அடிச்சட்டத்தின் நடு டி. பளு சரியாக நடுவில் இருப்பதால் தாங்கிகள் ஆளுக்கு 6 கிலோ நியூட்டன் ஏற்றுக்கொள்ளும். கணக்கை ஏ மூட்டில் தொடங்குங்கள். அங்கே தெரியாத விசை இரண்டு; கிடைக்கு ஒன்று, செங்குத்துக்கு ஒன்று என்று நம்மிடம் சமன்பாடும் இரண்டு. உச்சியில் தொடங்கினால் தெரியாதவை மூன்று, அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஏ மூட்டை மட்டும் தனியாக வரையுங்கள். ஒரு புள்ளி, அதைக் கீழிருந்து மேலே தள்ளும் 6, அப்புறம் சட்டத்துக்கு ஒன்றாக இரண்டு அம்பு. இரண்டும் புள்ளியை விட்டு வெளியே போகட்டும். அதாவது எல்லாச் சட்டத்திலும் இழுவிசை என்று வைத்துக்கொள்கிறோம். பாதி அகலம் 4, உயரம் 3, ஆகவே சாய்வுச் சட்டத்தின் நீளம் 5. செங்குத்தாகக் கூட்டினால் 6 + சாய்வு விசை × 3/5 = 0; விடை −10. வெளியே இழுக்கும் என்று வரைந்த சட்டம் உண்மையில் மூட்டை நோக்கித் தள்ளுகிறது, அதாவது 10 கிலோ நியூட்டன் அமுக்க விசை. இந்த மைனஸை அப்படியே அடுத்த சமன்பாட்டுக்குக் கொண்டுபோங்கள். பாதியில் அம்பைத் திருப்பி வரைகிற மாணவர்கள்தான் குழம்பிப்போகிறார்கள். கிடையாகக் கூட்டினால் அடிச்சட்டத்தில் 8, இழுவிசை.

இனி டி மூட்டு. அங்கே இரண்டு சட்டங்கள் கிடையாகப் போகின்றன, ஒன்று மட்டும் செங்குத்து. அந்த ஒன்றில் விசை இருந்தால் அதை ஈடுகட்ட அங்கே வேறு யாரும் இல்லை. அதனால்தான் பூஜ்யம். அதே 12-ஐ உச்சியிலிருந்து எடுத்து டி-யில் தொங்கவிட்டுப் பாருங்கள்: நடுச்சட்டத்தில் முழு 12-ம் இழுவிசையாக வந்துவிடும், மற்ற சட்டங்களில் எதுவும் மாறாது. எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது, அவசியம் போட்டுப் பாருங்கள். பூஜ்யம்தானே என்று அந்தச் சட்டத்தைக் கழற்றிவிடவும் முடியாது. நம் கணக்கில் சட்டங்களுக்கு எடையே இல்லை. நிஜத்தில் 8 மீட்டர் அடிச்சட்டம் தன் எடையிலேயே தொய்யும், அதை நடுவில் பிடித்துக்கொள்வது இதுதான்.

கேள்வி: மூட்டு மூட்டாகப் போகாமல் ஒரே ஒரு சட்டத்தின் விசையை மட்டும் கண்டுபிடிக்க முடியுமா?
– இன்னொரு வாசகர்

பதில்: முடியும். டிரஸ்ஸைக் குறுக்கே வெட்டியதாக வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு மட்டும் சமநிலை எழுதினால் போதும். 1860-களில் ஜெர்மானியர் ஆகஸ்ட் ரிட்டர் வெளியிட்ட முறை இது. மேலே சொன்ன டிரஸ்ஸில் ஏ-க்குப் பக்கத்தில் வெட்டி, உச்சியைச் சுற்றித் திருப்புத்திறன் (விசை × அதன் செங்குத்துத் தூரம்) எடுங்கள். சாய்வுச் சட்டம் உச்சி வழியாகவே போவதால் கணக்கில் வராது. 6 × 4 = அடிச்சட்ட விசை × 3; ஒரே வரியில் 8. நீளமான டிரஸ்ஸில் நடுவில் இருக்கும் சட்டத்துக்கு இதுதான் சுருக்கு வழி. வெட்டுகிற இடத்தில் விசை தெரியாத சட்டங்கள் மூன்றைத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.