சுவரில் துளை போடாமல் படம் மாட்டுவது: கேள்வி பதில்

பிறேம் போட்டுக் கொடுக்கும்போது அநேகமாக எல்லாரும் கேட்பது இதுதான்: "வீட்டுக்காரர் சுவரில் ட்றில் போட விடமாட்டார், இதை எப்படி மாட்டுறது?" மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இருந்து வந்த கேள்விகளைச் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

கல்லடியில் இருந்து: அண்ணன், ஒட்டுற ஸ்ட்ரிப் வாங்கி 12க்கு 18 கல்யாணப் படத்தை மாட்டினோம். ஒரு கிழமையில் பெயின்ட்டோடு சேர்ந்து கழன்று விழுந்திட்டுது. ஸ்ட்ரிப் போலியா?

நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கு தங்கச்சி. பெயின்ட் ஸ்ட்ரிப்போடு வந்திருக்கிறது என்றால் பசை சரியாகத்தான் பிடித்திருக்கிறது. சுவர்தான் பெயின்ட்டை விட்டிருக்கிறது. நம் பக்கத்தில் பாதிப் பிரச்சினை இதுதான். மாரியில் சுவர் ஈரத்தை இழுக்கும். காய்கிற நேரத்தில் சுவருக்குள் இருக்கும் உப்பு வெளியே வந்து பூக்கும். அதற்கு மேல் இருக்கும் பெயின்ட் பார்க்க நல்லாயிருக்கும், ஆனால் பிடிப்பே இருக்காது.

அதனால் ஸ்ட்ரிப் வாங்கப் போகுமுன் சுவரைப் பாருங்கள். உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் அந்தச் சுவரில் எந்தப் பசையும் நிற்காது. தூள் வராவிட்டால், ஒரு துண்டு செலோரேப்பை மூலையில் ஒட்டி, நகத்தால் நல்லாத் தேய்த்து, ஒரே இழுவையில் உரியுங்கள். ரேப்பின் பின்பக்கம் பெயின்ட் செதில் வந்தால் அந்தச் சுவரையும் விட்டுவிடுங்கள்.

சுவர் தேறினால், பாமசியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் வாங்கித் துடையுங்கள். சவர்க்காரத் தண்ணி வேண்டாம், அது ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். கமாண்ட் மாதிரி, இரண்டு பாதியும் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்கிற ஸ்ட்ரிப் என்றால் படத்தோடு சேர்த்து 30 செக்கன் அழுத்திவிட்டு, படத்தைக் கீழ்ப்பக்கத்தால் மெதுவாகக் கழற்றி எடுத்து, சுவரில் இருக்கும் பாதியை இன்னும் 30 செக்கன் அழுத்த வேண்டும். பிறகு 1 மணித்தியாலம் விட்டுத்தான் படத்தைத் திரும்ப மாட்ட வேண்டும். அந்த 1 மணித்தியாலத்தைத்தான் ஆட்கள் விடுவதில்லை. புதுசாகப் பெயின்ட் அடித்த சுவர் என்றால் குறைந்தது 7 நாள் பொறுங்கள். மழைக்காலம் என்றால் நான் அதைவிடக் கூடவே பொறுக்கச் சொல்லுவேன்.

கல்முனையில் இருந்து: பெட்டியில் போட்டிருக்கிற கிலோக் கணக்கை நம்பலாமா?

அந்தக் கணக்கு வழுவழுப்பான, காய்ந்த, உறுதியான மேற்பரப்புக்கு. அதுவும் பெட்டியில் சொன்ன எண்ணிக்கையான ஸ்ட்ரிப்பும் போட்டால். நான் அதில் பாதியைத்தான் எடுப்பேன்.

படத்தின் பாரத்தில் பெரும்பங்கு கண்ணாடிதான். 2 மில்லிமீற்றர் கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு 5 கிலோ வரும். 12க்கு 18 அங்குலக் கண்ணாடி மட்டும் ஏறத்தாழ 700 கிராம், 20க்கு 30 என்றால் 2 கிலோவுக்குக் கிட்ட. சட்டமும் பின்பலகையும் அதற்கு மேலே. அதே தடிப்பில் அக்ரிலிக் போட்டால் கண்ணாடியின் பாரத்தில் பாதிகூட வராது. கீறல் விழும் என்று பலர் விரும்புவதில்லை, ஆனால் பசையில் மாட்டுவதாக இருந்தால் அக்ரிலிக்தான் என் தெரிவு. கட்டில் தலைமாட்டுக்கு மேலே மட்டும் பசையில் எதையும் மாட்டாதீர்கள்.

காத்தான்குடியில் இருந்து: ஆயத் எழுதின பெரிய பிறேம் ஒன்று வாப்பா தந்தவர். 20க்கு 30, கண்ணாடி போட்டது, மரச்சட்டம். செற்றிக்கு மேலே மாட்ட வேணும். எத்தனை ஸ்ட்ரிப் போடலாம்?

ஒன்றும் போட வேண்டாம் ராத்தா. அந்தப் பாரத்தையும், அதற்குக் கீழே ஆட்கள் இருப்பதையும் பார்த்தால் பசையை நம்பக் கூடாது. ஓட்டு வீடு என்றால் கூரையைத் தாங்கும் வளைமரத்தில் இருந்து தொங்கவிடலாம். வளையைச் சுற்றிக் கயிறு கட்டினால் மரத்திலும் துளை விழாது. தட்டு வீடு என்றால், சுவரில் உறுதியாக இறுக்கிய திரைச்சீலைக் கம்பி இருக்கிறதா, காற்றுப் போக வைத்த பூக்கல் கட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். கம்பியில் மாட்டுவதென்றால் நடுவில் வேண்டாம், சுவரில் பிடித்திருக்கும் முனைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் ஷோகேசுக்கு மேலே சாய்த்து வைப்பதுதான் மரியாதையான இடம். கீழே வழுக்காத இறப்பர்த் துண்டு வையுங்கள்.

வாழைச்சேனையில் இருந்து: வீட்டில் மீன்பிடிக்கிற தங்கூசி நூல் கிடக்குது. அதில் தொங்கவிட்டால் தெரியாது, வடிவாயும் இருக்கும். தாங்குமா அண்ணன்?

தாங்கும் தம்பி, முடிச்சு நின்றால். தங்கூசி வழுக்கும், சாதாரண முடிச்சு பாரம் விழ விழ அவிழும். வளையத்துக்குள் நூலை இரண்டு தரம் விட்டு, நுனியை ஐந்தாறு சுற்றுச் சுற்றி, அடிக்கண்ணிக்குள் கொடுத்து எடுங்கள். இறுக்குமுன் முடிச்சை எச்சிலால் நனையுங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உரசிற சூட்டில் நூல் அந்த இடத்திலேயே பலவீனமாகிவிடும். தூண்டில் போடுகிற ஆள் வீட்டில் இருந்தால் அவரையே கட்டச் சொல்லுங்கள், என்னைவிட நல்லாக் கட்டுவார்.

கடலுக்குப் போய் வந்த பழைய நூல் வேண்டாம். வெயிலில் கிடந்த நைலோன் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், உறுதி போயிருக்கும். புதுசு வாங்கி, படத்தின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி நூல் போடுங்கள். ஒற்றை நூலில் தொங்கினால் கச்சான் காற்றுக்குப் படம் சுழன்று கொண்டே நிற்கும். முதல் சில நாளில் நூல் கொஞ்சம் நீளும், அதனால் ஒரு கிழமை கழித்து மட்டம் பார்த்துத் திருத்துங்கள்.

ஆரையம்பதியில் இருந்து: சுனாமியில் தப்பின அப்பாவின் ஒரேயொரு படம். கண்ணாடியோடு ஒட்டிப் போய்க் கிடக்கு. அதை எடுத்துப் புதுப் பிறேம் போட்டு, மாலை போட்டு, துளையில்லாமல் மாட்ட வேணும்.

முதலில் ஒன்று: தயவுசெய்து உரிக்காதீர்கள். நனைந்த படத்தின் மேற்படலம் கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. இழுத்தால் கடதாசி உங்கள் கைக்கு வரும், முகம் கண்ணாடியில் நிற்கும். தண்ணியில் ஊறப்போடவும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். ஸ்கானர் உள்ள ஸ்டூடியோவுக்குக் கொண்டு போகலாம். இல்லாவிட்டால் மேசையில் படுக்க வைத்து, யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, பிளாஷ் இல்லாமல், நேர் மேலே இருந்து போனில் எடுங்கள். உங்கள் நிழலும் மேலே உள்ள லைற்றும் கண்ணாடியில் தெரியாத இடமாகப் பாருங்கள். கறுப்புத் துணியைப் பிடித்துக் கொண்டால் பிரதிபலிப்பு அடங்கும். எடுத்ததைக் குறைந்தது இரண்டு இடத்தில் சேமியுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கிற பிள்ளையிடம்.

மாட்டுவது பிரதியை. மூலப்படத்தைக் கண்ணாடியோடே பழைய பருத்தித் துணியில் சுற்றி, வெளிச்சுவரில் முட்டாத அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். புதுப் பிறேமில் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் மவுண்ட் அட்டை போடச் சொல்லுங்கள். அந்தச் சின்ன இடைவெளி இருந்தால் திரும்ப ஒட்டாது.

மாலை போடுகிற படத்தைப் பசையில் மாட்டுவதை நான் விரும்புவதில்லை. பூமாலை ஈரம், பாரம் இரண்டையும் கொண்டுவரும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பிறேமை இழுப்பீர்கள். சின்ன மேசையிலோ தட்டிலோ சாய்த்து வைத்து, விளக்கை நேர் கீழே வைக்காமல் முன்னுக்குத் தள்ளி வையுங்கள். அப்பாவுக்கு அது ஒரு குறையும் இல்லை.

ஒலுவிலில் இருந்து, கம்பஸ் மாணவி: அறையில் 4க்கு 6 படங்கள் நிறைய மாட்ட வேணும்.

பிறேமே வேண்டாம் மகள். யன்னல் கிறிலில் இருந்து அலுமாரிப் பிடிக்கு நூல் கட்டி, கிளிப்பில் தொங்கவிடுங்கள். படத்தின் முதுகில் ரேப் ஒட்டாதீர்கள், பசை ஊறி முன்பக்கம் வரும். இரும்பு அலுமாரி என்றால் காந்தம் போதும்.

ஏறாவூரில் இருந்து: ஒவ்வொரு மாரியும் படத்துக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்குது.

படம் சுவரோடு முட்டி நிற்கிறது, காற்றுப் போக இடமில்லை. பழைய செருப்பின் இறப்பரில் நாலு சின்னத் துண்டு வெட்டிப் பின்மூலைகளில் ஒட்டுங்கள். மழை அடிக்கிற வெளிச்சுவரை விட்டு, இரண்டு அறைக்கு நடுவில் உள்ள சுவருக்கு மாற்றுங்கள்.

திருக்கோவிலில் இருந்து: வீடு மாறப் போறோம். டபுள் ரேப்பில் ஒட்டின படங்களைச் சுவர் பழுதாகாமல் எப்படி எடுக்கிறது?

படத்தை முன்னுக்கு இழுக்காதீர்கள். தலைமுடி காயவைக்கிற டிறையரால் பக்கத்தில் சூடு காட்டி, தங்கூசி நூலைப் பின்னால் விட்டு இரண்டு கையாலும் இடம் வலமாக அறுத்து இறக்குங்கள். ஒருவர் படத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சுவரில் மிஞ்சுகிற ரேப்பின் பஞ்சை மறுபடி சூடாக்கி விரலால் உருட்டி எடுங்கள். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வேண்டாம், கறை நிற்கும், மேலே அடிக்கிற பெயின்ட்டும் பிடிக்காது. மறைவான இடத்தில் உள்ள ஒரு படத்தில் முதலில் செய்து பாருங்கள். எங்காவது செதில் உரிந்தால், சாவி கொடுக்கிற நாளுக்கு முன்பே வீட்டுக்காரரிடம் பெயின்ட் நிறத்தின் இலக்கத்தைக் கேட்டு, சின்ன டின் ஒன்று வாங்கி, அந்த இடத்தை மட்டும் பூசிவிடுங்கள்.