போப்பின் தாத்தா கறுப்பரா?

கேள்வி: போப் 14-ஆம் லியோவின் அம்மா வழி உறவினர்கள் 'கிரியோல்' என்று படித்தேன். கிரியோல் என்றால் யார்? அப்படியானால் அவர் கறுப்பரா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: லூசியானாவை அமெரிக்கா 1803-இல் பிரான்ஸிடம் விலைக்கு வாங்கியது. அதற்கு முன்பிருந்தே அங்கே பிறந்து வளர்ந்து, பிரெஞ்சு பேசி, மாதா கோயிலுக்குப் போய் வந்த குடும்பங்கள்தான் கிரியோல்கள். அதில் வெள்ளையரும் உண்டு, கறுப்பரும் உண்டு, கலந்து பிறந்தவர்களும் உண்டு. ஆக, பெயரை வைத்து நிறத்தைச் சொல்ல முடியாது.

2025 மே மாதம் போப் தேர்வான சூட்டோடு பழைய ஏடுகளைப் புரட்டி விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர் ஜாரி ஹொனோரா என்ற, லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வம்சாவளி ஆய்வாளர். போப்பின் தாத்தா ஜோசப் மார்ட்டினெஸ், பாட்டி லூயிஸ் பாக்கியே. 1887-இல் நியூ ஆர்லியன்ஸில் கல்யாணம், கிரியோல்கள் நிறைந்த ஏழாவது வார்டில் குடித்தனம், தாத்தாவுக்குச் சுருட்டு சுற்றும் தொழில். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பமே கறுப்பர் என்று பதிவாகியிருக்கிறது. அப்புறம் சிகாகோவுக்குக் குடிபெயர்கிறார்கள், அங்கே போப்பின் அம்மா மில்ட்ரெட் பிறக்கிறார், 1920 கணக்கெடுப்பில் பார்த்தால் அதே தாத்தா பாட்டி வெள்ளையர்!

ஏமாற்று வேலை என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். ஹோமர் பிளெஸ்ஸி என்ற கிரியோல், பார்வைக்கு வெள்ளையர் மாதிரியே இருப்பவர், 1892-இல் அதே நியூ ஆர்லியன்ஸில் ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததற்காகக் கைதானார், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1896-இல் தோற்றது. அந்த ஊரிலிருந்து கிளம்பியவர்கள் புது ஊரில் பழசைப் பேசாமல் இருந்ததில் எனக்கு வியப்பில்லை. வீட்டில் இதைப் பற்றிப் பேசியதே இல்லை என்றுதான் போப்பின் அண்ணனும் சொன்னார். 'கறுப்பரா?' என்றால், 1900-இல் கணக்கெடுக்க வந்தவர் ஆமாம் என்பார், 1920-இல் வந்தவர் இல்லை என்பார்.

கேள்வி: சரி, சாதாரண கிரியோல் குடும்பமும் இப்படித் தேடிப் பிடிக்க முடியுமா? – அதே வாசகர்

பதில்: பின்னோக்கிப் போனால் 1870 வரை ஓரளவு சுலபம். அதற்கு முன்னால் அடிமையாக இருந்தவர்கள் என்றால்தான் முட்டுச்சுவர். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அநேகமாக உரிமையாளர் பெயர் மட்டும்தான் இருக்கும், கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். அதனால் உரிமையாளரின் விற்பனைப் பத்திரம், உயில் என்று அவர் வீட்டுக் காகிதத்தில்தான் நம் பாட்டியைத் தேட வேண்டும். ஞானஸ்நான ஏடுகள் கைகொடுக்கும். அடிமைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று 1724-இலேயே பிரெஞ்சுச் சட்டம் இருந்ததால், பாதிரியார் கையால் எழுதிய அந்த வரியில் குழந்தையின் பெயரும் பெரும்பாலும் தாயின் பெயரும் இருக்கும். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடம் பல நேரம் காலி.