கையொப்பத்துக்கு அவசரப்படுத்துவது வட்டிக் கடன்

கேள்வி: இரத்மலானையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் 14 வருடமாக மெஷின் ஒப்பரேட்டராக இருக்கிறேன். வயது 39. மேலதிக நேரக் காசு இல்லாமல் சம்பளம் 40,000 ரூபா. எங்கள் தையல் லைன்களைப் பங்களாதேஷுக்குக் கொண்டு போகிறார்கள். சுயவிருப்பில் விலகுவதாகக் கையொப்பம் வைத்தால் எல்லாம் சேர்த்து 4 இலட்சம் உடனே தருவார்களாம். கடிதம் சிங்களத்தில் இருக்கிறது. தம்பி ருமேனியா போக 250,000 ரூபாவை மாதம் 10 வீத வட்டிக்கு எடுத்துக் கொடுத்தேன். இன்னும் கேட்கிறான். காசு வந்ததும் கடனை அடைத்துவிட்டு மிச்சத்தை அவனுக்குக் கொடுக்கலாமா? அமெரிக்காவில் இப்படி வேலை போனால் அரசாங்கமே உதவுமாமே, இங்கே இல்லையா?
– வாசகி, கல்கிசை

பதில்: சகோதரி, அந்தக் கடிதத்தில் கையொப்பம் வைக்காதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது, வெளிநாட்டுப் போட்டியால் வேலை இழந்தவர்களுக்கான அமெரிக்கத் திட்டம். அது 1962இல் தொடங்கியது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் விரிவாக்கப்பட்டது. தொழில் பயிற்சியும் கொஞ்சக் காலத்துக்கு வருமான உதவியும் கொடுத்தார்கள். 2022 ஜூலையோடு அங்கேயே புதிய விண்ணப்பங்களுக்குக் கதவை மூடிவிட்டார்கள். இலங்கையில் அப்படியொரு திட்டமும் இல்லை, வேலையில்லாக் காலக் காப்புறுதியும் இல்லை. உங்களுக்கு இருப்பது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். சம்மதத்தை வாங்கிவிட்டால் கம்பனி நட்டஈட்டை எவ்வளவு குறைவாகவும் கொடுக்கலாம். ஆணையாளரிடம் போனால் நட்டஈட்டுக்கு வர்த்தமானியில் அறிவித்த சூத்திரம் இருக்கிறது. அதனால்தான் சம்மதக் கடிதத்தை முதலில் நீட்டுகிறார்கள்.

அந்தச் சூத்திரப்படி உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் 5 வருடத்துக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், அது 12.5 மாதம். அடுத்த 9 வருடத்துக்கு இரண்டு மாதம் வீதம் 18. மொத்தம் 30.5 மாதம். 40,000ஆல் பெருக்கினால் 12 இலட்சத்து 20 ஆயிரம். பணிக்கொடை இதற்குப் புறம்பு: வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், 14 வருடத்துக்கு 280,000. ஆக ஏறத்தாழ 15 இலட்சம். அவர்கள் சொல்லும் 4 இலட்சத்தில் 280,000 நீங்கள் நாளைக்கே விலகினாலும் கொடுத்தாக வேண்டிய பணிக்கொடை. உங்கள் வேலைக்கு அவர்கள் போட்டிருக்கும் விலை வெறும் 120,000 ரூபா.

இது தெரிந்தும் உங்களைக் கையொப்பத்தை நோக்கித் தள்ளப்போவது மாதம் 25,000 ரூபா வட்டிதான். தம்பிக்காக இன்னும் கைக்கு வராத காசை நம்பிக் கடன் எடுக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து இந்தக் கடனை உடனே மூடுங்கள். அடகு வட்டி வருடத்துக்கு 15 வீதம் என்று வைத்தாலும் மாதம் 3,125 ரூபாதான் வரும். நகை இல்லாமல் ஆறு மாதம் அதே கடனைச் சுமந்தாலும் வட்டி 150,000. அவசரத்தில் இழக்கப்போவது 11 இலட்சம். தம்பி மேலே பாசம் இருக்கட்டும், அதற்காக 14 வருட உழைப்பை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், தமிழில் தரச் சொல்லுங்கள். வேலைக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வராமல் நின்றால் தானாகவே வேலையை விட்டுவிட்டார் என்று எழுதுவார்கள், பலருடைய வழக்கு அங்கேதான் சறுக்குகிறது. சம்பளச் சிட்டைகள், நியமனக் கடிதம், சேமலாப நிதிக் கூற்று எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டில் வையுங்கள். பிறகு நாரஹேன்பிட்டவில் தொழில் திணைக்களத்துக்குப் போய் விசாரியுங்கள். முடிந்தால் லைனில் உள்ளவர்கள் சேர்ந்து போங்கள். அனுமதியில்லாமல் நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும். விசாரணை இழுபடும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். கம்பனி வங்குரோத்து என்றால் வேறு ஆலோசனை சொல்லியிருப்பேன். ஆனால் வெளிநாட்டில் லைன் போடும் கம்பனிக்குக் கொடுக்க வசதி இருக்கிறது. நீங்கள் அசையவில்லை என்று கண்டால் தொகையை ஏற்றுவார்கள். பணிக்கொடை நீங்கலாக 12 இலட்சத்தைத் தாண்டி எழுத்தில் தந்தால் ஒப்புக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை எடுக்கலாம், கடந்த ஐந்து வருடத்துக்குள் எடுக்காமல் இருந்தால். சேமலாப நிதி வேலை போனது என்பதற்காகக் கிடைக்காது, பெண்களுக்கு 50 வயது. அதிலிருந்து முன்கூட்டியே எடுக்கக்கூடிய 30 வீத முற்பணம் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் மட்டும், விமான டிக்கெட்டுக்கு இல்லை.

காசு வந்த வாரமே மாதம் 10, 20 வீத இலாபம் தரும் ஆப், டிஜிட்டல் நாணயம் என்று யாராவது வருவார்கள். அந்த இலாபம் அடுத்து சேருகிறவர் போடும் காசிலிருந்துதான் வரும், ஒரு ரூபாவும் போடாதீர்கள். ஒரு வருடச் செலவை அரச வங்கி நிலையான வைப்பில் போடுங்கள்.

தம்பியின் ஏஜென்சிக்கு இன்னொரு சதம் போகுமுன் 1989க்கு அழைத்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அதற்கு அனுமதிப்பத்திரம் உண்டா, ருமேனியாவுக்கு அந்த வேலைக்கு அங்கீகாரம் எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று தம்பியிடம் இன்றிரவே கேளுங்கள். இல்லையென்றால் நாளைக்கே ஏஜென்சிக்குப் போய் வாங்கச் சொல்லுங்கள்.